மாடிப்படியில் நின்றவர்கள்

மருத்துவமனைக்குப் போகிற நாளிலும் இன்ஸ்பெக்டர் மடிப்புக் கலையாத சட்டைதான் போட்டுக்கொண்டார். நோயாளி என்று பார்த்தவுடன் சொல்லிவிடும்படி ஒருவன் வீட்டைவிட்டுக் கிளம்பக்கூடாது என்பது அவர் கட்சி.

இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் இல்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டர். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்லும் அரசாங்க வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவர் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. கேட்டால், அதெல்லாம் மற்றவர்களுக்கு என்பார். அதில் அவருக்கு ஒரு மிதப்பு.

அந்த மிதப்புக்குத்தான் இப்போது சோதனை வந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் வலியால் சுருண்டவர், வாயுத் தொல்லை என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். மகன் கேட்கவில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு போய்ப் படம் எடுத்ததில் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. அறுவை மருத்துவர் வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்.

இன்ஸ்பெக்டர் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. சம்பந்தி வீட்டுக்கு விஷயம் போகக்கூடாது.

காரணம் இருந்தது. போன வருஷம் சம்பந்திக்கு, அதாவது மருமகளின் அப்பாவுக்கு, குடலிறக்க அறுவை நடந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தும், பிறகு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, மூச்சுக் கருவியில் கிடந்து பிழைத்தார் மனிதர். பார்க்கப் போன நம் இன்ஸ்பெக்டர், கட்டிலருகே நின்று, எழுந்து நடக்காமல் படுத்தே கிடந்தால் இப்படித்தான் ஆகும், நானாக இருந்தால் மறுநாளே மாடி ஏறியிருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அப்படிச் சொன்ன வாயோடு இப்போது அவரே போய்ப் படுக்க வேண்டியிருந்தது.

இன்று அறுவைக்கு முந்தைய பரிசோதனை. மகனும் மருமகளும் கூட வந்தார்கள். மனைவி முட்டி வலி என்று வீட்டோடு இருந்துவிட்டாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவின் அறை சின்னது. ஒரு மேசை, ஒரு கட்டில், சுவரில் நுரையீரல் படம். டாக்டரம்மாவுக்கு மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கழுத்தில் சங்கிலி கோத்துத் தொங்கவிட்டிருந்தார். வந்தவரை உட்காரச் சொன்னார், வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார், ஆடுகிற பல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். குறட்டை விடுவீர்களா, முன்பு மயக்கம் கொடுத்திருக்கிறார்களா, எந்த மாத்திரைக்காவது உடம்பு தடித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

இன்ஸ்பெக்டருக்கு அந்த முறை பிடித்திருந்தது. கம்பி வடம், பிரேக், கதவுப் பூட்டு என்று அவரும் இப்படித்தான் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.

சிகரெட் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். தொட்டதே இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். பக்கத்து நாற்காலியில் கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்த மருமகள், அந்தக் கேள்வியில் கையை நிறுத்திக்கொண்டாள்.

பிறகு டாக்டரம்மா குழாயை நெஞ்சில் வைத்தார். வைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடத்தை மாற்றி மறுபடியும் கேட்டார்.

"ஒரு சின்ன சத்தம் இருக்கு. இந்த வயசுல நிறையப் பேருக்கு இருக்கும், பயப்பட வேண்டாம். இதயத்துக்கு எடுத்த ஈ.சி.ஜி. கோட்டுப் படம் பரவாயில்ல. அதனால நீங்க சொல்ற பதில்தான் முக்கியம். மாடி ஏறினா மூச்சு வாங்குதா? நெஞ்சு இறுகுதா? தலை சுத்துதா?"

"மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தினமும் ஏறி இறங்கறேன்."

"நடுவுல நிக்காமலா?"

"நான் எங்கேம்மா நிக்கறேன்? இவங்கதான் நிப்பாங்க." இன்ஸ்பெக்டர் உற்சாகமாகிவிட்டார். முதல் மாடித் திருப்பத்தில் இந்த மருமகளுக்குக் கால் வலி வந்துவிடும் என்றார். இரண்டாவது மாடியில் மனைவிக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். மகன் வந்தால் நடுப்படியில் நின்று யாரிடமாவது போன் பேசுவான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பு அவ்வளவுதான் என்று முடித்தார்.

மகன் தண்ணீர் பம்ப் விற்கிறவன். வாயைத் திறந்தால் எதையாவது விற்றுவிடுவான். இப்போது அப்பாவை விற்றான். "பழைய காலத்து மேக் டாக்டர். இதுவரைக்கும் ஒரு ரிப்பேர் வந்ததில்ல."

டாக்டரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே மருமகளைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

நன்றாக மாடி ஏறுகிறவர் என்றால் வெள்ளிக்கிழமையே செய்துவிடலாம் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க மேல் மாடிக்குப் போகச் சொன்னார்.

மகன் வெயிலில் நின்ற வண்டியை நிழலில் விட்டு வரப் போனான். லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சரும் கூட்டமுமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் வழக்கப்படி லிஃப்ட் கதவை ஒரு பார்வை பார்த்தார், அது மூடும்போது எழுந்த சத்தத்தைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார், படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். மருமகள் பின்னால் போனாள்.

மருமகள் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். வண்டி வருகிறது என்பதையும், வண்டி இன்று வராது என்பதையும் ஒரே குரலில் சொல்லப் பழகியவள். ஊருக்கெல்லாம் தெரிந்த குரல். வீட்டில்தான் அதிகம் கேட்காது. வந்த நாளிலிருந்து மாமனாரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை என்று இன்ஸ்பெக்டர் வெளியே சொல்லிப் பெருமைப்படுவார்.

படியில் அவள் அவரைத் தாண்டி முன்னால் போய்விட்டாள். அதுவே புதிது.

முதல் திருப்பம் வந்தது. வழக்கமாக அங்கேதான், மாமா ஒரு நிமிஷம் என்று குனிந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்வாள். இன்ஸ்பெக்டர் அதற்குத் தயாராகக் கைப்பிடிக் கம்பியில் கை வைத்தார். அவள் நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே ஏறினாள்.

சரி, அடுத்த திருப்பத்தில் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டு அவரும் ஏறினார். நெஞ்சுக்குள் யாரோ துணியை முறுக்கிப் பிழிவது போல இருந்தது. இதற்கு முன்பும் இப்படி ஆரம்பித்ததுண்டு. ஆனால் ஆரம்பிக்கும்போதே யாராவது நின்றுவிடுவார்கள், அவர்களைக் கேலி செய்துகொண்டு இவரும் நிற்பார், அதற்குள் அது போய்விடும். தனக்கு மூச்சு முட்டும் நேரமும் மற்றவர்களுக்குக் கால் வலிக்கும் நேரமும் எப்போதும் ஒன்றாகவே அமைந்தது அவருக்கு ஒருநாளும் விசித்திரமாகத் தோன்றியதில்லை.

இன்று யாரும் நிற்கவில்லை. இன்னும் சில படிகள். காது அடைத்தது. எதிர்ச் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மருமகள் ஓடி இறங்கி வந்தாள். அவரைப் படியிலேயே உட்கார வைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்க்கோடு இறங்கி வந்த ஒரு பெண் நின்று, யாரையாவது கூப்பிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். அந்த நிலையிலும் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு உனக்குக் கால் வலிக்கலையாம்மா?"

"எனக்குக் கால் வலியே கிடையாது மாமா."

அவர் அவள் கணுக்காலைப் பார்த்தார்.

"அத்தைக்கும் முட்டி வலி கிடையாது. உங்க பையனுக்கு அந்தப் படியில போன் வர்றதும் கிடையாது. சும்மா காதுல வெச்சுக்கிட்டு நிப்பாரு."

எதற்கு என்று கேட்க இன்ஸ்பெக்டர் வாயெடுத்தார். கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்துவிட்டது. கடைத்தெருவில் அவள் நின்று நின்று பார்த்த கண்ணாடி அலமாரிகள், மனைவிக்குத் திடீர் திடீரென்று பிடித்துப்போன பூங்கா பெஞ்சுகள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. முகம் சுருங்கிவிட்டது.

வீட்டுப் பெரியவனை நடுவில் உட்கார வைத்து இத்தனை நாளாக எல்லாரும் நாடகம் ஆடினீர்களா என்று கேட்டார். குரல் உயரவில்லை. கோபம் தலைக்கு ஏறினால் அவர் குரல் தாழ்ந்துதான் போகும். இன்றைக்கு அந்த நாடகத்தை முடிக்க இந்த இடம்தான் கிடைத்ததா, ஆஸ்பத்திரிப் படியில் வைத்து என் மானத்தை வாங்கவா கூட்டி வந்தாய் என்றார்.

மருமகள் அவருக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். எந்த வண்டி தாமதமானாலும் அசையாத அந்தக் குரல் அன்று உடைந்தது.

"எங்கப்பா, சிகரெட்டை எப்பவோ விட்டுட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னாரு மாமா. அன்னிக்குக் காலையில மொட்டை மாடியில குடிச்சிட்டுத்தான் இறங்கி வந்தாரு. எனக்குத் தெரியும். இதே மாதிரி பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தேன். பெத்த அப்பாவை எப்படி இன்னொருத்தர் முன்னாடி பொய்க்காரர் ஆக்கறதுன்னு வாயை மூடிக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் அந்த மூச்சுக் கருவி."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இது எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உங்ககிட்ட சொல்ற விஷயமும் இல்ல. இனிமே எங்கப்பாவை நீங்க எப்படி வேணா நினைச்சுக்குங்க. ஆனா வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை, எல்லாம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு அந்தக் கதவுக்கு வெளியில என்னால உக்கார முடியாது மாமா."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே மருத்துவமனையின் வெள்ளைப் போர்வைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

சம்பந்தியின் கட்டிலருகே தாம் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. அப்போது இவளும் அங்கேதான் நின்றிருந்தாள், தலையைக் குனிந்துகொண்டு. ஒரு பெண் தன் பிறந்த வீட்டின் மானத்தை எடுத்துப் புகுந்த வீட்டுப் பெரியவன் கையில் கொடுக்கிறாள் என்றால் அது சின்ன விஷயமா? அதுவும் சம்பந்தியைக் குத்திக்காட்ட எப்போது வாய்ப்புக் கிடைக்கும் என்று காத்திருக்கிறவனின் கையில். தம்முடைய மானத்தைவிட இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

கூடவே வேறொன்றும் உறைத்தது. பரிசோதனைக்கு வருகிற நாளில் மட்டும் ஊழியர்களைப் படியில் ஏறிப் போகச் சொல்லிவிட்டு, லிஃப்டைக் காலியாக ஓட்டிக் காட்டும் கட்டட முதலாளிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது பாருங்கள் சார் என்பார்கள். முழு எடைக்கு மணல் மூட்டையை ஏற்றுங்கள், அப்புறம் பேசலாம் என்பார் இவர். ஏற்ற மறுத்தால் சீல். எவ்வளவு பெரிய இடத்திலிருந்து சிபாரிசு வந்தாலும் சீல்தான்.

அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் இந்த வீடும் அவரைக் காலியாகத்தான் ஓட்டிக் காட்டியிருக்கிறது. அதற்கு அவரே கீழே உட்கார்ந்து சான்றும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தம் வாயால் சொன்ன ஒன்றைப் பொய் என்று தெரிந்தபிறகும் அப்படியே விட்டுவைப்பது அவரிடம் இல்லாத பழக்கம்.

"வா, கீழே போகலாம்."

"ரத்தம் கொடுக்கணுமே மாமா?"

"ரத்தம் எங்கயும் ஓடிப் போகாது."

எழுந்தார். இரண்டு படி இறங்கியதும் திரும்பாமலே சொன்னார். "உங்கப்பா விஷயம் இந்தப் படியோட சரி. என் காதுக்கு வரவேயில்ல."

டாக்டரம்மாவின் அறையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வெளியே வரும்வரை இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். உள்ளே போனதும் உட்காரவில்லை. தாம் கொடுத்த பதிலில் தவறு இருக்கிறது, திருத்திச் சொல்ல வேண்டும் என்றார். மேலதிகாரிக்கு அறிக்கை கொடுப்பதுபோலப் படியில் நடந்ததை அப்படியே சொன்னார். நெஞ்சு பிழிந்தது, காது அடைத்தது, சுவர் சாய்ந்தது, ஒன்றையும் விடவில்லை. யார் யார் எங்கெங்கே நிற்பார்கள் என்பதையும், அவர்கள் யாருக்காக நின்றார்கள் என்பதையும் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் குரல் ஒருமுறை இடறியது.

அதற்குள் மகன் வந்துவிட்டான். விஷயம் புரியாமல், அப்பா நல்லாத்தானே இருக்காரு என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா. உன் போனைப் பத்தி வீட்ல பேசிக்கறேன்."

டாக்டரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முகத்தில் கண்டுபிடித்துவிட்ட பெருமையும் இல்லை, கோபமும் இல்லை. திரும்பி வந்து சொன்னதற்கு நன்றி என்றார். போட்ட கையெழுத்தைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தார். இப்போதே இதயத்துக்கு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று போனை எடுத்தார்.

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. நெஞ்சில் தடவிய கூழ் சில்லென்றது. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ படபடத்தது. அதுதான் வெளிவாசல் வால்வு, ரத்தம் உடம்புக்குப் போகிற கதவு என்று காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் கழுத்தைத் திருப்பிக் கூர்ந்து பார்த்தார். ஆயுள் முழுக்கக் கதவு பார்த்த கண் அது.

"பாதிதானே திறக்குது" என்றார் அவரே.

ஆமாம் என்றார் டாக்டரம்மா. வயதாக ஆக அந்த வால்வு தடித்து இறுகியிருக்கிறது. இதயம் அந்தச் சின்ன இடைவெளி வழியாக முழு பலத்தையும் போட்டு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மாடி ஏறும்போது உடம்பு இன்னும் ரத்தம் கேட்கும், இதயத்தால் கொடுக்க முடியாது. அதுதான் அந்தப் பிழிவு.

மகனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளிக்கிழமை இது தெரியாமல் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மெதுவாகக் கேட்டான்.

"மயக்கம் கொடுத்ததும் ரத்த அழுத்தம் இறங்கும். சாதாரண இதயம் எப்படியோ சமாளிச்சுக்கும். இந்த இதயத்தால முடியாது. அந்த நேரத்துல காரணம் என்னன்னு தேடிக்கிட்டு இருந்திருப்போம். தேடறதுக்கு அதிக நேரம் கிடைக்காது."

இன்ஸ்பெக்டர்தான் கேட்டார், அப்படியென்றால் தம்மை ஒரேயடியாகச் சீல் வைத்துவிட்டார்களா என்று.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீல் எல்லாம் இல்லை, வெள்ளிக்கிழமை மட்டும்தான் ரத்து என்றார். தெரியாத ஆபத்துதான் ஆபத்து, தெரிந்த ஆபத்துக்கு ஏற்பாடு செய்யலாம். அழுத்தத்தை இறங்கவிடாமல் ஆரம்பத்திலிருந்தே பிடித்துக்கொண்டு போக மருந்து இருக்கிறது, கூடுதலாக ஆட்களை வைத்துக்கொள்ளலாம், முடிந்தபின் தீவிரக் கவனிப்பில் வைத்துப் பார்க்கலாம். வால்வை முதலில் சரி செய்துவிட்டுப் பித்தப்பைக்கு வரலாம் என்று ஸ்கேனைப் பார்த்த இதய மருத்துவர் சொல்கிறார். கல் அதுவரை சும்மா இருக்குமா என்று அறுவை மருத்துவர் யோசிக்கிறார். நாளைக் காலை மூன்று மருத்துவர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள்.

"அதுக்குள்ள வலியோ குளிர் காய்ச்சலோ வந்தா வீட்ல வெச்சுக்கிட்டு இருக்காதீங்க. அவசரம்னா முழு மயக்கம் இல்லாமலே, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சு, ஒரு குழாய் போட்டுப் பித்தப்பையில தேங்கினதை வடிய விடலாம். வழி இருக்கு. என்கிட்ட மறைக்காம சொன்னா போதும்." தன் கைபேசி எண்ணையும் கொடுத்தார்.

கிளம்பும்போது மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். எந்த அறுவை முதலில் நடந்தாலும், பிறகு நெஞ்சில் சளி தங்காமல் இருக்க இப்போதிருந்தே பழக வேண்டும் என்றார்கள். இன்ஸ்பெக்டர் வண்டியில் உட்கார்ந்ததுமே முயன்று பார்த்தார். ஒரு பந்து ஏறியது. இரண்டாவது லேசாக ஆடிவிட்டுப் படுத்துக்கொண்டது.

கொஞ்ச தூரம் போனபிறகு, சம்பந்தி வீட்டிலும் இது உண்டா என்று கேட்டார்.

"இருக்கு மாமா. இப்பக்கூடத் தினமும் பண்றாரு."

"எத்தனை பந்து ஏத்துவாரு?"

மருமகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மூணும்."

இன்ஸ்பெக்டர் அதற்கப்புறம் வீடு வரும்வரை குழாயை வாயிலிருந்து எடுக்கவேயில்லை.

மாடி ஏற வெகுநேரம் ஆனது. யாருக்கும் கால் வலிக்கவில்லை, யாருக்கும் போன் வரவில்லை. அவர் நின்றபோது நின்றார்கள். கதவைத் திறந்த மனைவி, மூன்று பேர் முகத்தையும் பார்த்ததுமே நடந்ததைப் புரிந்துகொண்டாள். முட்டியைப் பிடித்துக்கொள்ளவும் மறந்து விறுவிறுவென்று போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

எப்போதிருந்து என்று மட்டும் அவர் கேட்டார்.

"நம்ம பொண்ணுக்குப் பட்டம் கொடுத்த அன்னிக்கு. அந்தக் காலேஜ் மாடியில நீங்க கம்பியைப் பிடிச்ச பிடியைப் பாத்தேன். கேட்டா இல்லைன்னுதான் சொல்வீங்க. அன்னியிலேருந்து எனக்கு முட்டி வலி."

"நான் ஒருத்தன், அதுக்குத் தைலம் வேற தேச்சு விட்டிருக்கேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் மனைவி. மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். இன்ஸ்பெக்டருக்கும் உதடு கோணியது. ஆனாலும் விடவில்லை. இனிமேல் இந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் நோயாளி வேஷம் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

பொழுது சாயும் நேரம். விளக்குப் போடலாமா என்று மருமகள் சுவிட்சில் கை வைத்தபோது, உள் அறையிலிருந்து குரல் கேட்டது.

"யாராவது வாங்க. எனக்கு வலிக்குது."

அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அந்தச் சுவர்கள் அதுவரை கேட்டதில்லை.

ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு தூக்கிப் போட்டது. போர்வைக்குள்ளும் குளிர்ந்தது. நெற்றி கொதித்தது. மகன் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். பதற்றத்தில் அவனுக்குப் பழைய வழக்கம் வந்துவிட்டது. பெரிசா ஒண்ணும் இல்ல டாக்டர், அப்பாவுக்கு லேசா வலி என்று ஆரம்பித்தான்.

கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு போனை வாங்கியது.

"லேசா இல்லம்மா. போன தடவையைவிட அதிகம். சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுது. முதுகு வரைக்கும் போகுது. குளிர் நடுக்கம் இருக்கு. நெஞ்சுல இறுக்கம் இல்ல, ஆனா மூச்சு கொஞ்சம் வேகமா வருது."

அந்தப் பக்கம் டாக்டரம்மா பதறவில்லை. நடக்க விடாதீர்கள், உட்கார வைத்தே தூக்கி வாருங்கள், சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள் என்றார். தான் இன்னும் மருத்துவமனையில்தான் இருப்பதாகவும், மற்ற இருவரையும் கூப்பிட்டுவிடுவதாகவும் சொன்னார். நாளைக் காலை பேச வேண்டியதை இன்றைக்கே பேசிவிடலாம் என்றார். குழாய் மட்டுமா, அறுவையா என்பது பார்த்தால்தான் தெரியும்.

"ஆனா ஒண்ணு. யார் வர்றாங்க, உள்ளே என்ன இருக்குன்னு எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அது போதும். வாங்க."

கைவைத்த நாற்காலியில் அவரைப் போர்வையோடு உட்கார வைத்தார்கள். மகன் பின்னால் பிடித்தான். கீழ் வீட்டு வாத்தியக்காரரும் அவர் தம்பியும் வந்து முன்னால் நாற்காலியின் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். நாற்காலி மெல்ல இறங்கியது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே இன்ஸ்பெக்டர், சாய்க்காதே, மட்டம் பார்த்து இறக்கு, திருப்பத்தில் அவசரப்படாதே என்று உத்தரவு போட்டபடி வந்தார். மனைவி பக்கவாட்டில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மருமகள் முன்னால் ஓடி வழியை ஒழுங்கு செய்தாள்.

சத்தம் கேட்டு ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. இந்தக் கட்டடத்தில் யார் முன்னாலும் தளர்ந்து நிற்காத மனிதர் அவர். முதல் மாடியில், அவரோடு தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் பேச்சுவார்த்தையே இல்லாத பல் டாக்டர் வெளியே வந்து, என்ன ஆச்சு சாருக்கு என்று கேட்டார்.

மனைவி சட்டென்று முன்னால் வந்தாள். "ஒண்ணுமில்லைங்க, கால் லேசா சுளுக்கிக்கிச்சு."

நாற்காலியில் இருந்தவர் கையை உயர்த்தினார். தூக்கியவர்கள் நின்றார்கள்.

"காலுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "பித்தப்பை கெட்டுப் போச்சு. போதாததுக்கு இதயத்துலயும் ஒரு கதவு பாதிதான் திறக்குது. ரெண்டையும் சரி பண்ணிக்கிட்டு வரப் போறேன். கொஞ்சம் வழி விடுங்க."

பல் டாக்டர் வழி விடவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் வெறுங்காலோடு வந்து, நாற்காலியின் இன்னொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.